முடிச்சுப் போடத் தகுதி பெற்றவர்

அந்தச் சலவைத் தொழிற்சாலையில் ஆபத்து என்று ஒன்று இருந்ததென்றால் அது தேநீர்தான். இதை யாரும் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முறைப்படி ஆராய்ந்து, கட்டம் போட்டு, பெருக்கிப் பார்த்து, வண்ணம் தீட்டிக் கண்டுபிடித்த உண்மை அது. மருத்துவமனைகளும் விடுதிகளும் அனுப்புகிற விரிப்புகளைத் துவைத்துத் தள்ளும் அந்தக் கட்டடத்தில் கொதிக்கும் தண்ணீர் உண்டு, தொட்டால் தோலை உரிக்கும் திரவங்கள் உண்டு, ஆளை விழுங்கும் அளவுக்குச் சுழலும் தொட்டிகள் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, சூட்டில் துணி தேய்க்கும் உருளை உண்டு. ஆனால் மஞ்சள் வண்ணம் கிடைத்தது தேநீருக்கு மட்டும்தான்.

கணக்கு எளிது. பாதுகாப்பு அதிகாரியிடம் ஓர் அட்டை இருந்தது. அதில் ஐந்துக்கு ஐந்தாகக் கட்டங்கள். ஒரு விபத்து நடக்க எவ்வளவு வாய்ப்பு என்பதற்கு ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண் போட வேண்டும். நடந்தால் எவ்வளவு அடி என்பதற்கு இன்னோர் எண். இரண்டையும் பெருக்க வேண்டும். சின்னதாக வந்தால் பச்சை, எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். நடுத்தரமாக வந்தால் மஞ்சள், ஏதாவது செய்தாக வேண்டும். பெரிதாக வந்தால் சிவப்பு, வேலையை நிறுத்த வேண்டும். வேலையை நிறுத்த முடியாதாகையால் சிவப்பு இதுவரை வந்ததில்லை. கட்டம் போட்டு வருவதைச் சொல்கிறவர் என்பதால் அதிகாரிக்குத் தொழிலாளர்கள் வைத்த பெயர் ஜோசியர். அது அவருக்கும் தெரியும். அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

தேநீர் தினமும் யார் மேலாவது சிந்துகிறது. ஆகவே வாய்ப்பு ஐந்து. சிந்தினால் சுருக்கென்று சுடும்; ஆகவே அடி இரண்டு. பெருக்கினால் பத்து, மஞ்சள். உருளையோ அங்கே வந்து இறங்கிய நாளிலிருந்து யார் மேலும் கை வைத்ததில்லை, வாய்ப்பு ஒன்று. வைத்தால் ஆளே போய்விடலாம், அடி ஐந்து. பெருக்கினால் ஐந்து, பச்சை. இதில் பிழை கண்டுபிடிக்க முடியாது. சந்தேகம் இருப்பவர்கள் வாய்ப்பாட்டை எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

மஞ்சள் வந்துவிட்டதால் தேநீர்க் கோப்பைகளுக்கு மூடி வந்தது. சாய்ந்த கோப்பைக்குக் குறுக்கே சிவப்புக் கோடு போட்ட படம் ஒன்று எல்லாச் சுவர்களிலும் ஏறியது. கோப்பையை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. படிக்கட்டில் எப்போதும் ஒரு கை கைப்பிடியில் இருக்க வேண்டும் என்பது அதற்கு முந்தைய உத்தரவு. கேன்டீன் இருந்ததோ மாடியில். மூன்றாவது கை உள்ளவர் யாரும் வேலைக்கு விண்ணப்பித்திருக்கவில்லை. இதற்கென்று தனிக்கூட்டம் போட்டு, முழு மதியமும் பேசி, வழி கண்டுபிடித்தார்கள். ஒருவர் இரண்டு கையாலும் கோப்பையைப் பிடிப்பார். இன்னொருவர் ஒரு கையால் கைப்பிடியையும் மறு கையால் முன்னவரின் இடுப்பையும் பிடிப்பார். அன்றிலிருந்து தேநீர் வேளையில் ஆட்கள் ஜோடி ஜோடியாக, புதிதாகக் கல்யாணமானவர்களைப் போல வெட்கப்பட்டுக்கொண்டு படியிறங்கினார்கள்.

இந்தக் கூட்டங்களில் எல்லாம் தொழிலாளர் தரப்பில் உட்கார்ந்திருந்தவர் உருளைப் பிரிவு மேஸ்திரி. நல்ல மனிதர். நல்ல மனிதர் என்றால் யாரிடமும் முடியாது என்று சொல்ல வராதவர். குழுவுக்கு ஆள் கேட்டபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. மேலாளர் இவரைப் பார்த்துச் சிரித்தார். இவரும் மரியாதைக்குத் திரும்பச் சிரித்து வைத்தார். அவ்வளவுதான் தேர்தல்.

உருளையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஈர விரிப்பை ஒரு பக்கம் ஊட்டினால் மறுபக்கம் காய்ந்து, சுருக்கம் நீங்கி, மடிக்கத் தயாராக வந்து விழும். உள்ளே இருப்பது ஆள் நீளத்துக்குக் கொதிக்கிற இரும்பு. இரண்டு பெண்கள் முன்னால் நின்று விரிப்பின் இரு முனைகளையும் பிடித்து உள்ளே செலுத்துவார்கள். அவர்கள் விரல்களுக்கும் இரும்புக்கும் நடுவே குறுக்காக ஒரு கம்பி. துணியோடு கையும் போனால் கை அந்தக் கம்பியில் இடிக்கும், உருளை நின்றுவிடும். நல்ல ஏற்பாடு. ஒரே ஒரு குறை, கம்பிக்குக் கையும் தெரியாது துணியும் தெரியாது. விரிப்பில் தடித்த ஓரம் வந்தாலே இடித்து நிறுத்திவிடும். நின்றால் யாராவது பின்பக்கம் சுற்றி ஓடி மறுபடி கிளப்ப வேண்டும். அதற்குள் உள்ளே மாட்டிய விரிப்பு கருகியிருக்கும். வாசலில் லாரிக்காரர் ஆரன் அடித்துக்கொண்டிருப்பார்.

அதனால் கம்பியை மேலே தூக்கிச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டிவிடுவது வழக்கம். கிழிந்த விரிப்பில் கிழித்தெடுத்த ஒரு பட்டைத் துணி. கட்டுகிறவர் மேஸ்திரி. மற்றவர்கள் கட்டினால் அதிர்வில் நெகிழ்ந்துவிடும். மேஸ்திரியின் முடிச்சு அசையாது. கட்டச் சொல்லி யாரும் அவரிடம் சொன்னதில்லை. மேலாளர் காலையில் ஒருமுறை எட்டிப் பார்த்து, "லாரி வெளியில நிக்குது மேஸ்திரி" என்பார். அவ்வளவுதான் சொல்வார். மேலிடத்திலிருந்து யாராவது பார்க்க வருகிறார்கள் என்றால் மேஸ்திரி முடிச்சை அவிழ்த்துத் துணியைக் கால்சட்டைப் பையில் செருகிக்கொள்வார். போன பிறகு மறுபடி கட்டுவார். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் கொடியில் கிடக்கும் துணியைச் சுருட்டி உள்ளே போடுவதைப் போல, யோசிக்காமல் நடக்கிற காரியம்.

ஆபத்து மதிப்பீட்டு நாளன்றும் அப்படித்தான் நடந்தது. ஜோசியர் அட்டையும் பேனாவுமாக உருளைக்கு முன்னால் வந்து நின்றார். உருளை நிறுத்தப்பட்டு, துடைக்கப்பட்டு, கண்ணாடியாக மின்னியது.

"ஓட்டிக் காட்டட்டுமா சார்?" என்று கேட்டார் மேஸ்திரி.

"அய்யய்யோ, வேணாம். ஓடுற மெஷின் பக்கத்தில நான் போகக்கூடாது. எனக்குன்னு ஒரு மதிப்பீடு இருக்குல்ல, அதில அது மஞ்சள்." ஜோசியர் எட்டி நின்றபடியே பேனாவை நீட்டிக் கம்பியை ஒரு தட்டுத் தட்டினார். நின்றிருந்த உருளை நின்றபடியே இருந்தது. "பாத்தீங்களா, தொட்டா நிக்குது. கம்பி நல்லா வேலை செய்யுது." எழுதிக்கொண்டார். "இதுவரைக்கும் இதுல யாருக்காவது அடிபட்டிருக்கா?"

"இல்லை சார்."

அது பொய்யில்லை. ஆனாலும் அதைச் சொல்லும்போது மேஸ்திரியின் பைக்குள் துணி ஈரமாகத் தொடையில் ஒட்டிக்கொண்டிருந்தது. உருளைக்கு முன்னால் வரிசையில் நின்ற பெண்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அவருடைய மச்சினி. மனைவியின் தங்கை, அவர்கள் வீட்டிலேயே வளர்ந்தவள். அந்த வேலையில் அவளைச் சேர்த்துவிட்டவரும் மேஸ்திரிதான். கை அத்தனை வேகம். அவள் ஊட்டினால் விரிப்பில் ஒரு சுருக்கம் இருக்காது என்று வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

ஜோசியர் கிளம்பியதும் லாரிக்காரர் ஆரன் அடித்தார். மேஸ்திரி பையிலிருந்து துணியை எடுத்துக் கட்டினார்.

அதன் பிறகு கொஞ்ச நாள் கழித்து ஒரு முற்பகலில் அது நடந்தது. மேஸ்திரி வாசலில் லாரிக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். உள்ளே சத்தம் கேட்டு ஓடிவந்தபோது எதிர்முனையில் நின்ற பெண் விரிப்பைப் பிடித்தபடியே உறைந்து போயிருந்தாள். மச்சினியின் வலது கை துணியோடு உள்ளே போயிருந்தது. அவள் கத்தவில்லை. இடது கையை மேலே நீட்டி, கம்பியைக் கட்டியிருந்த அந்தத் துணியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். முடிச்சு அவிழ்ந்தால் கம்பி இறங்கும், உருளை நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். முடிச்சு அவிழவில்லை. மேஸ்திரி பக்கவாட்டில் இருந்த சிவப்புப் பட்டனை அறைந்து நிறுத்தினார்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் அவரால் பல நாள் யாரிடமும் சொல்ல முடியாமல் போயிற்று. கையை விடுவித்து, நாலைந்து பேராக அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார்கள். "பாதுகாப்பு அதிகாரி வர்றார்" என்று யாரோ சொன்னார்கள். மேஸ்திரியின் கைகள் தாமாக மேலே போயின. முடிச்சை அவிழ்த்தன. துணியைப் பைக்குள் செருகின. அவர் யோசித்துச் செய்யவில்லை. மேலிடத்திலிருந்து ஆள் வந்தால் அவிழ்ப்பது வழக்கம், ஆள் வந்தார், அவிழ்த்தார். செய்து முடித்த பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. அதற்குள் ஜோசியர் வந்து பேனாவால் கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

மச்சினிக்கு ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. மற்ற விரல்களும் உள்ளங்கையும் வெந்திருந்தன. மருத்துவமனையில் கட்டுப்போட்ட கையை நெஞ்சின் மேல் வைத்துப் படுத்திருந்தாள். இடது கையால் விரிப்பின் ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது நம்ம உருளையில போனதுதான் மாமா. ஓரம் பாருங்க, நான் ஊட்டினதுதான்" என்றாள். 

பிறகு அவள் கேட்டாள். "கம்பி கட்டியிருந்ததை அவங்க பாத்திருப்பாங்கல்ல மாமா?"

"பாத்திருப்பாங்க" என்றார் மேஸ்திரி.

"அப்ப சரி. நான் வேடிக்கை பாத்துட்டேன்னு ஒருத்தர் சொல்லிட்டுப் போனார். நான் எங்கேயும் திரும்பலை. துணி விரலைச் சுத்திக்கிச்சு. கம்பி கீழே இருந்திருந்தா நின்னிருக்கும். அதை மட்டும் அவங்க எழுதிட்டா போதும்."

அவள் கேட்டது அவ்வளவுதான். விரலைக் கேட்கவில்லை. கவனமில்லாதவள் என்று எழுதிவிட்டால் இந்த ஆலை மட்டுமில்லை, எந்த ஆலையும் அவளை வாசலில் சேர்க்காது. அதைவிட, துணி ஊட்டுவதில் தன்னை யாரும் குறை சொல்ல முடியாது என்பது அவளுக்கு இருந்த ஒரே கர்வம்.

விசாரணைக் கூட்டம் கூடியது. எல்லோரும் இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஜோசியர் எழுந்து பேசினார்.

"நடந்தது வருத்தம்தான். ஆனா நம்ம மதிப்பீட்டுக்கு இது ஒரு வெற்றி. எப்படின்னு சொல்றேன். இதுவரைக்கும் உருளையோட வாய்ப்பு எண் ஒண்ணு. இப்ப ஒரு தடவை நடந்துட்டதால நேர்மையா அதை ரெண்டாக்குறோம். அடியோட எண்ணை ஐந்துன்னு போட்டிருந்தோம். ஆளே போயிடும்னு பயந்தோம். இப்ப உண்மையான தகவல் கையில இருக்கு. போனது ரெண்டு விரல். மொத்தம் பத்துல ரெண்டு. அதனால அடியும் ரெண்டு. ரெண்டையும் பெருக்கினா நாலு. முன்னாடி ஐந்து, இப்ப நாலு. இந்த விபத்தினால உருளையோட ஆபத்து குறைஞ்சிருக்கு."

மேலாளர் கைதட்டப் போய், கையில் கோப்பை இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினார்.

"கம்பி நல்ல நிலையில இருந்தது," என்று ஜோசியர் தொடர்ந்தார். "நானே தட்டிப் பாத்தேன். கம்பி சரியா இருந்து கை உள்ளே போச்சுன்னா, காரணம் கவனக்குறைவு. வேற எதுவும் இருக்க முடியாது."

மேஸ்திரி வாயைத் திறந்தார். மேலாளர் அவரைப் பார்த்து அன்பாக, "உங்க வீட்டுப் பொண்ணுன்னு தெரியும் மேஸ்திரி. மனசைத் தளர விடாதீங்க" என்றார். மேஸ்திரி வாயை மூடிக்கொண்டார். அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தவர் ஒரு வாய்கூட எடுத்து வைக்கவில்லை. பையில் கிடந்த துணி இப்போது காய்ந்துவிட்டது. ஆனாலும் தொடையில் ஒட்டிக்கொண்டிருப்பது போலவே இருந்தது.

"உடம்புக்கு என்ன?" என்று மனைவி கேட்டாள்.

"ஒண்ணுமில்லை."

"அடிபட்ட அவளே ரெண்டு இட்லி வச்சா மூணாக் கேட்டு வாங்கிச் சாப்பிடுறா. நீங்க ஏன் இப்படி அரை ஆளாப் போறீங்க?"

குற்ற உணர்ச்சி என்பது ஒரு வினோதமான பொருள். அதைச் சுமக்கிறவரைத் தவிர வேறு யாருக்கும் அது கனப்பதில்லை. மேஸ்திரி அதைத் தூக்கிக்கொண்டு உருளைக்கும் வீட்டுக்கும் நடந்தார். ‘கவனக்குறைவு’ என்று முடிவெழுதிய தாள் வீட்டுக்கு வந்த அன்று மச்சினி அதை இரண்டு முறை படித்தாள். மடித்து அலமாரியில் வைத்தாள். அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை.

அதை மாற்றச் சொல்வதாக அவளிடம் சொல்லிவிட்டு மறுநாள் ஜோசியரின் அறைக்குப் போனார். உள்ளே நுழைவதற்கு முன்னால் அறையின் ஆபத்துகள் பற்றி ஒரு சிறு படம் பார்க்க வேண்டியிருந்தது. மேசை முனை கூர்மையானது, நாற்காலிக்குச் சக்கரம் உண்டு என்று அதில் ஒரு பெண் புன்னகையோடு சொன்னாள். பார்த்து முடித்து, நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, பையிலிருந்து துணியை எடுத்து மேசை மேல் வைத்தார்.

"கம்பியை இதால கட்டியிருந்தது சார். கட்டினது நான். அடிபட்ட பிறகு அவுத்ததும் நான்தான். நீங்க பாத்தப்போ சரியா இருந்தது, அவ கை போனப்போ சரியா இல்லை. அவ மேல தப்பில்லை சார்."

ஜோசியர் முதலில் தன் தேநீரைத் துணியிலிருந்து நகர்த்தி வைத்தார். பிறகு மதிப்பீட்டுத் தாள்களைப் புரட்டினார்.

"மதிப்பீட்டில துணின்னு ஒண்ணு இல்லையே."

"இதோ இருக்கே சார்."

"இங்கே இருக்கு. மதிப்பீட்டில இல்லை." குரலில் கோபமில்லை, பொறுமைதான் இருந்தது. "மேஸ்திரி, புரிஞ்சுக்கோங்க. நாங்க மதிப்பிடுறது வேலையை. வேலைன்னா எழுதி வச்சபடி செய்யறது. எழுதி வச்சபடி செய்யாதது வேலையே இல்லை. வேலையே செய்யாதப்போ அடிபட்டா அதை வேலையிட விபத்துன்னு எப்படிச் சொல்றது? நீங்க சொல்றதை நான் ஏத்துக்கிட்டா உங்க மச்சினிக்கு விபத்தே நடக்கலைன்னு ஆயிடும். அது அவங்களுக்குத்தானே கஷ்டம்?"

மேஸ்திரி யோசித்துப் பார்த்தார். யோசிக்க யோசிக்க அவருக்கே தலை சுற்றியது. ஆனால் அன்றைக்கு வாழ்க்கையில் முதல்முறையாக அவர் எழுந்து போகவில்லை. மேலாளரைப் பார்க்க வேண்டும் என்றார். அப்படிச் சொன்னதில் அவருடைய குரல் அவருக்கே புதிதாக இருந்தது.

மறுபடி குழு கூடியது. துணி உள்ளே இருப்பது தெரிகிற ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போடப்பட்டு நடுமேசையில் இருந்தது. மேஸ்திரி எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார். மேலாளர் கண்ணை மூடிக் கேட்டார்.

"கம்பியைக் கட்டச் சொல்லி நான் என்னைக்காவது சொல்லியிருக்கேனா மேஸ்திரி?"

"இல்லை சார். லாரி நிக்குதுன்னு சொல்வீங்க."

"லாரி நின்னா நிக்குதுன்னுதானே சொல்ல முடியும். சரி, போனது போகட்டும். நாம ஒளிவுமறைவு இல்லாத நிறுவனம். ஆபத்துன்னு ஒண்ணு தெரிஞ்சா அதை மதிப்பிட்டே ஆகணும்."

"இனிமே கட்டாம ஓட்டிடலாம் சார்" என்றார் மேஸ்திரி.

 ஜோசியர் அட்டையை எடுத்துக் கணக்குப் போட்டார். போடப் போட அவர் முகம் மாறியது.

"கட்டலைன்னா உருளை அடிக்கடி நிக்கும். நின்னா ஒருத்தர் பின்பக்கம் ஓடணும். பின்பக்கத் தரை ஈரம். வழுக்கி விழ வாய்ப்பு ஐந்து. விழுந்தா கை கால் உடையலாம், அடி மூணு. பெருக்கினா பதினஞ்சு." அவர் நிமிர்ந்து பார்த்தார். "சார், சிவப்பு வருது."

அந்த அறையில் யாரும் சிவப்பைப் பார்த்ததில்லை. மேலாளரின் கோப்பை மூடி ஆடியது.

"அப்ப கட்டினா?"

"கட்டினா நாலு. பச்சை."

"மேஸ்திரி, உங்க பேச்சைக் கேட்டிருந்தா எவ்வளவு பெரிய ஆபத்தில மாட்டியிருப்போம் பாருங்க" என்று மேலாளர் பெருமூச்சு விட்டார்.

தரையைத் துடைக்கலாமே என்று கேட்க மேஸ்திரிக்குத் தோன்றியது. அது தரைப் பிரிவின் மதிப்பீடு, வேறு குழு என்றார்கள்.

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. கம்பியைக் கட்டுவது பச்சை என்று ஆகிவிட்டதால் அதை முறைப்படி கட்ட வேண்டும் என்று முடிவாயிற்று. கிழிந்த விரிப்பு கூடாது. சூட்டில் பற்றிக்கொள்ளாத ஆரஞ்சு நிறப் பட்டை வாங்க வேண்டும். கண்டவர்கள் கட்டக் கூடாது. பயிற்சி பெற்று, தேர்ச்சி பெற்ற ஒருவர்தான் கட்ட வேண்டும். முடிச்சு நெகிழாமல் இருக்கிறதா என்று ஒவ்வொரு ஷிஃப்ட் தொடக்கத்திலும் பார்க்க வேண்டும்.

"அவளைப் பத்தி எழுதினது சார்?" என்று மேஸ்திரி கேட்டார். அவர் வந்ததே அதற்குத்தான்.

"திருத்திடலாம்" என்றார் ஜோசியர். மேஸ்திரிக்கு உயிர் வந்தது. ஜோசியர் எழுதியபடியே படித்தார். "கம்பி கட்டியிருந்தது அந்தப் பெண்ணுக்குத் தெரியும். கட்டியிருக்குன்னு தெரிஞ்சா இன்னும் ரெண்டு மடங்கு கவனமா இருந்திருக்கணும். இருக்கலை. அதனால இது வெறும் கவனக்குறைவு இல்லை. தெரிந்தே செய்த கவனக்குறைவு."

"சார், தப்பு என் மேல சார். என் மேல எழுதுங்க."

மேலாளர் எழுந்து வந்து அவர் தோளில் கை போட்டார். "தப்பு யார் மேலன்னு தேடுற நிறுவனம் இல்லை மேஸ்திரி இது. யாரையும் குறை சொல்லக் கூடாதுங்கிறது நம்ம கொள்கை. அதனாலதான் பேர்கூடப் போடலை. ‘காயம்பட்ட பெண்’னு மட்டும்தான் போட்டிருக்கோம்."

அந்த ஆலையில் காயம்பட்ட பெண் ஒருத்திதான் இருந்தாள். மேஸ்திரி அதைச் சொல்லவில்லை. சொன்னால் அதையும் திருத்தி விடுவார்களோ என்று பயமாக இருந்தது. அவர் வாய் திறந்த ஒவ்வொரு முறையும் அவள் மேல் விழுந்த முடிச்சு இன்னும் ஒரு சுற்று இறுகியிருந்தது.

பயிற்சிக்கு வெளியிலிருந்து ஒருவர் வந்தார். ஒரு தடியில் பட்டையைச் சுற்றி, திரையில் படம் காட்டி, முடிச்சுப் போடச் சொல்லித் தந்தார். அவர் போட்ட முடிச்சு இரண்டு முறை வழுக்கிக்கொண்டு போயிற்று. தேர்வில் மேஸ்திரி முழு மதிப்பெண் வாங்கினார். ‘முடிச்சுப் போடத் தகுதி பெற்றவர்’ என்று தங்க எழுத்தில் சான்றிதழ் கொடுத்து, மேலாளரோடு நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். முடியாது என்று சொல்ல அவருக்கு அப்போதும் வரவில்லை. மறுநாள் காலை மேலாளர் எட்டிப் பார்த்து, "லாரி வெளியில நிக்குது மேஸ்திரி" என்றார். மச்சினி நின்ற இடத்தில் புதிதாக ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். மேஸ்திரி ஆரஞ்சுப் பட்டையை எடுத்துக் கம்பியைக் கட்டினார்.

அன்று மாலை அவர் வீட்டுக்கு வந்தபோது மனைவி கடைக்குப் போயிருந்தாள். மச்சினி ஜன்னலோரம் உட்கார்ந்து, இடது கையால் ஒரு போர்வையை மடித்துப் பழகிக்கொண்டிருந்தாள். மடிப்பு கோணலாக வந்தது. பிரித்துவிட்டு மறுபடி மடித்தாள்.

"எழுதினதை மாத்தினாங்களா மாமா?"

"மாத்தினாங்க."

"என்னன்னு?"

அவர் சொன்னார். ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். அவள் மடிப்பதை நிறுத்தவில்லை.

"கம்பி கட்டியிருந்ததை அவங்க முதல்ல பாக்கலையா அப்ப?"

"இல்லை. அவங்க வர்றதுக்குள்ள அவுத்துட்டேன். நான்தான். உன்னைத் தூக்கிட்டு ஓடினாங்களே, அப்போ." அவர் அவளெதிரே தரையில் உட்கார்ந்தார். "ஆஸ்பத்திரியில நீ கேட்டப்போ பொய் சொன்னேன்."

போர்வை அவள் மடியில் அப்படியே கிடந்தது. அவள் அவரைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தார். அந்த ஆலை முழுவதும் தேடியும் அவரைக் குற்றவாளி என்று சொல்ல ஓர் ஆள் கிடைக்கவில்லை. இவளாவது சொல்ல வேண்டும் என்றிருந்தது.

"தூக்கிட்டுப் போனவங்களுக்குள்ள உங்களைத் தேடினேன் மாமா," என்றாள் அவள். "எல்லார் முகமும் தெரிஞ்சது. உங்களைத்தான் காணோம். எங்கே போயிட்டீங்கன்னு நினைச்சுக்கிட்டே போனேன்."

வெளியே யாரோ பேசிக்கொண்டு போனார்கள். மேஸ்திரி சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த சான்றிதழின் முனை நெஞ்சில் குத்தியது. அதை எடுக்கவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை.

அவள் எழுந்து வந்து அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். கட்டுப்போட்ட கையைத் தாங்குவதற்காகக் கழுத்தில் கட்டியிருந்த துணி நெகிழ்ந்து தொங்கியது.

"இதைக் கட்டி விடுங்க. அக்கா கட்டினா அவுந்து அவுந்து போகுது."

மேஸ்திரி இரண்டு முனைகளையும் கையில் எடுத்தார். மருத்துவமனைத் துணி. ஓரம் சுருக்கமில்லாமல் இருந்தது. அவருக்குத் தெரிந்தது ஒரே முடிச்சுதான், அதைத்தான் போட்டார். போட்டு முடித்து, நெகிழ்கிறதா என்று இழுத்துப் பார்த்தார். அவள் இடது கையைப் பின்னால் கொண்டுவந்து அதைத் தடவினாள். பிறகு அவிழ்த்துப் பார்க்க நினைத்தவளைப் போல விரலை உள்ளே விட்டு இழுத்தாள். வரவில்லை. ஒரு கையால் அவிழ்க்க முடியாத முடிச்சு அது.